நாளைக்கான கையெழுத்து

பாய்லர்காரர் மேனேஜர் அறை வாசலில் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தொரு நாளாக அவருக்கு ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. மூன்று பேர் பார்த்த வேலை அது. மற்ற இருவரும் வேறு ஆலைக்குப் போனதும், இவரும் கம்பி நீட்டிவிடக் கூடாதென்று மேனேஜர் இவருடைய பாய்லர் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சேதி வெளியே பரவியது. அப்புறம் எந்தப் பாய்லர்காரன் அந்த கேட்டுக்குள் கால் வைப்பான்?

உள்ளே கூப்பிட்டார்கள்.

"நாளைக்குக் காலைல சம்சாரத்துக்கு ஆபரேஷன் சார். ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. இனிமே தாங்காதுன்னுட்டாரு டாக்டர்."

"ஆள் கிடைக்கலையேய்யா. நான் என்ன வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றேன்?" மேனேஜர் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார். "நாளை ஷிஃப்ட்டுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போ. பேக்கிங் பெரியவர் உக்காந்து பாத்துப்பாரு."

"அவரு அட்டைப்பெட்டி ஒட்டுறவரு சார். ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"வாயை வைக்காத. கையெழுத்தா, டூட்டியா? நீயே சொல்லு."

வீட்டில் அவள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி வைத்திருந்தாள். கையெழுத்துப் போட்டார். பெரியவரை அழைத்துப்போய், பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாதென்று படித்துப் படித்துச் சொன்னார்.

மறுநாள் ஆபரேஷன் அறைக் கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"கவலையே படாதீங்க தம்பி. தண்ணி சரியாப் பாதியில நிக்குது. காலைலேருந்து இம்மி அசையல."

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. பாய்லர் எரியும்போது அந்தத் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது; உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் கண்ணாடி பாதி என்றுதான் காட்டும். தண்ணீரில்லாமல் எரிந்தால் பாய்லர் வெடித்துவிடும். இதைச் சொல்ல மறந்துவிட்டார். பாவி, மறந்தே விட்டார்.

"அண்ணே, சிவப்பு பட்டனை அமுக்கிட்டு வெளிய ஓடுங்க!"

"ஐயோ, மேனேஜரைக் கேக்காம நிறுத்தினா வேலை போயிடும் தம்பி."

"அப்ப அவரைக் கூப்பிடுங்க!"

"ஆள் எடுக்கிற விஷயமா மீட்டிங்ல இருக்காரு. கதவைத் தட்டக்கூடாதுன்னு உத்தரவு."

"வேலை போனாப் போகுது, ஓடுங்கண்ணே!"

"பதறாதீங்க தம்பி. எனக்குத்தான் பார்வை மங்கல். கிட்டப் போய்ப் பாத்துச் சொல்றேன், இருங்க."

பெரியவர் ஸ்டூலைப் பாய்லர் பக்கமாக இழுத்துப் போடும் சத்தம் போனில் கேட்டது.