ஜெக்கரியா அறுத்த வலை

கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது நுஸைபாவின் போன் அடித்தது. ஜெக்கரியா. விடிகாலையில் கடலுக்குப் போனவர், ஏழு மணிக்குக் கூப்பிடுகிறார் என்றதுமே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"நுஸைபா, வலையில ஆவுளியா மாட்டியிருக்கும்மா. உசுரோட இருக்கு. என்ன செய்யட்டும்?"

கடல்பசுவைக் கீழத்துறையில் ஆவுளியா என்றுதான் சொல்வார்கள். கரையோரக் கடலடியில் வளரும் கடல்புல்லை மேய்ந்துகொண்டு, மாட்டைப்போலவே கன்று ஈன்று பால் கொடுத்து வாழ்கிற பிராணி. மொத்தக் கடலிலும் கொஞ்சம்தான் மிச்சம்.

"காக்கா, தலை தண்ணிக்கு மேல இருக்கா?" அண்ணன் முறையில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"முங்கி முங்கி வருது. வால்ல வலை சுத்திக்கிச்சு. மச்சினன் அப்சர் ஒரு பக்கம் புடிச்சிருக்கான், தாங்க மாட்டேங்குது."

"அறுத்து விடுங்க."

மறுமுனையில் தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"புது வலைம்மா."

"அது மீன் இல்ல காக்கா. மூச்சு விட மேல வந்தாகணும். வலையோட கனம் அமுக்குச்சுன்னா செத்துரும். அறுங்க."

"பக்கத்துலயே ஒரு குட்டி சுத்திக்கிட்டு இருக்கு. போக மாட்டேங்குது." அவர் குரல் தாழ்ந்தது. "செத்துப்போச்சுன்னா என்னம்மா ஆகும்?"

நுஸைபா வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

மீன் இறங்கும் துறைக்கு எதிரே இருந்தது அவளுடைய ஜெராக்ஸ் கடை. டீசல் மானியம், படகுப் பதிவு, தடைக்கால நிவாரணம் என்று துறையின் எல்லா விண்ணப்பங்களும் அவள் கையால்தான் நிரப்பப்படும். புருஷன் இர்பான் கத்தாரில். போன வருஷம் வனவர் சதீஷ் வந்து கடல்பசு படம் போட்ட ஒரு போஸ்டரைக் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். ஒட்டியவள் அதோடு நிறுத்தவில்லை. ஜெராக்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்குப் போனில் வீடியோ காட்டினாள். பெண்கள் மதரஸாவில் அரைமணி நேரம் கேட்டு வாங்கிப் பேசினாள். எல்லோரிடமும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "மாட்டுனா அறுத்து விடுங்க, எனக்கு ஒரு போன் போடுங்க. கேஸ் வராது. நான் பொறுப்பு."

தகவல் தருபவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு, வலைக்கு நிவாரணம் உண்டு என்றுதான் சதீஷ் சொல்லியிருந்தார். கேஸ் வராது என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

அதைச் சேர்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் வாப்பா மூஸாவின் வலையில் ஒரு ஆவுளியா செத்துக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் கரைக்குக் கொண்டுவந்து, அறுத்து, தெருவுக்குப் பங்கு போட்டார்கள். யாரோ படமெடுத்துவிட்டார்கள். மூஸா பதினாறு நாள் உள்ளே இருந்தார்; நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். கறி வாங்கித் தின்ற தெரு அந்த நாலு வருஷமும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. இப்போது மகளின் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார்.

நுஸைபா சதீஷின் நம்பரை எடுத்தாள். பின்னால் நின்றிருந்த மூஸா, "வச்சுரு" என்றார்.

"சொல்லணும் வாப்பா. ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னதே நான்தான்."

"அவன் கரைக்கு வரட்டும். செத்துச்சா பொழைச்சுச்சான்னு தெரியாம அவன் பேரை எழுதிக் கொடுக்கப்போறியா?"

அவள் விரல் அந்த நம்பர் மேலேயே நின்றது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒன்பதரைக்குப் படகு வந்தது. ஜெக்கரியாவின் வலது உள்ளங்கையில் வலையின் நைலான் நரம்பு அறுத்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. படகில் வலை பாதிதான் இருந்தது.

"போயிருச்சும்மா. ரெண்டு தடவை மேல வந்து மூச்சு விட்டுச்சு. அப்புறம் குட்டியும் இல்ல, அதுவும் இல்ல."

"வீடியோ ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"கத்தியப் புடிப்பனா, போனப் புடிப்பனா?"

"ஆபீஸுக்குச் சொல்லிரட்டுமா காக்கா?" என்றாள்.

அவர் துறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "வேணாம்மா. போனது போகட்டும்."

அவளும் சரி என்றாள். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் காலை, துறைக்கு வடக்கே அலையாத்திச் செடிகள் தொடங்கும் இடத்தில் ஒரு ஆவுளியா செத்து ஒதுங்கியது. ஆள் நீளத்துக்கும் மேலே, ஊதிப்போய், தோல் உரிந்து கிடந்தது. வாலைச் சுற்றிக் கயிறு இறுக்கியது போல ஒரு தடம். "வலைத் தடம்" என்று யாரோ சொன்னார்கள். பத்து மணிக்குள் துறை முழுக்க அதே பேச்சு.

நுஸைபா போய்ப் பார்க்கவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆதார் அட்டையை நாலு காப்பி எடுக்கச் சொன்னவருக்குப் பதினாலு எடுத்துவிட்டாள்.

ஜெக்கரியாவின் மனைவி சைத்தூன் பீவி வந்தாள். கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்றாள்.

"நேத்துலேருந்து அவர் சோறு திங்கல. இன்னைக்கு இதக் கேட்டதுலேருந்து சுவத்தப் பார்த்து உட்கார்ந்திருக்காரு."

"ராத்தா, உள்ள வாங்க."

"உன்னக் கூப்புட்டதாலதான இப்ப பயம். கூப்புடாம இருந்திருந்தா இது கடலோட போயிருக்கும். கேஸ் வராதுன்னு சொன்னியே, எந்த ஆபீஸர் உனக்கு எழுதிக் கொடுத்தாரு?"

சைத்தூன் பீவி சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அடுத்த அரைமணி நேரத்தில் சதீஷே கடைக்கு வந்துவிட்டார். கையில் விசாரணைப் படிவம். ஐந்து காப்பி வேண்டும் என்றார். நுஸைபா படிவத்தை வாங்கி மெஷினில் வைத்தாள்.

"ஒரத்தநாடு கால்நடைக் காலேஜ்லேருந்து டாக்டரம்மா வர்றாங்க. இங்கயே அறுத்துப் பார்த்துப் புதைச்சிரணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு படகா விசாரிக்கணும்" என்றவர், காகிதங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "உங்களுக்குத்தான் எல்லாரும் போன் பண்ணுவாங்க. இந்த வாரம் யாராச்சும் பண்ணாங்களாம்மா?"

மூஸா லேமினேஷன் மெஷினிலிருந்து நிமிரவில்லை. நுஸைபா காகிதத் தட்டை மூடினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் போய்விடுவார். ஆனால் அதன் பிறகு எந்த முகத்தோடு ஊரில் யாரையாவது பார்த்து, பயப்படாமல் சொல்லுங்கள் என்பது?

"டாக்டரம்மா எப்ப சார் வருவாங்க?"

"ரெண்டு மணி ஆகும்."

"அதுக்குள்ள வந்து பேசுறேன் சார்."

சதீஷ் ஒரு நொடி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டுப் போனார்.

ஜெக்கரியாவின் வீட்டில் அவர் உண்மையிலேயே சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். நுஸைபா நின்றபடியே சொன்னாள். "ஆபீஸர் கேட்டாரு காக்கா. நான் பொய்யும் சொல்லல, உங்க பேரும் சொல்லல. நீங்க சொல்லாம நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவர் காயம்பட்ட கையை மற்றக் கையால் பிடித்திருந்தார்.

"அது என்னுதாத்தான் இருக்கும். புது வலையாச்சேன்னு ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். நீ அறுங்கன்னு சொன்ன பிறகும் யோசிச்சேன். அந்த நேரத்துல தண்ணி குடிச்சிருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானே வந்து சொல்லிடுறேன்."

"சொல்லிட்டு உள்ள போங்க" என்றாள் சைத்தூன் பீவி. "புள்ளைங்கள யார் பார்க்குறது?"

வாசலில் நிழல் விழுந்தது. மூஸா வந்து நின்றிருந்தார். தன் கேஸைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை, மகளிடம்கூட இல்லை.

"நான் அன்னைக்குச் செத்ததத் தூக்கிட்டு வந்தேன். வலையில தானாத்தான் செத்துச்சு, நான் கொல்லல. ஆனா மறைச்சேன். மறைச்சதுக்கப்புறம் நான் சொன்ன உண்மைய ஒருத்தரும் நம்பல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னைக்குக் காலைல இவ அந்த ஆபீஸர்கிட்ட இல்லன்னு சொல்லிருவான்னுதான் நினைச்சேன். சொல்லணும்னும் வேண்டிக்கிட்டேன். அவ சொல்லல. வா ஜெக்கரியா, நானும் வர்றேன்."

கடற்கரையில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். டாக்டர் இரண்டு மணிக்கு வரவில்லை. சம்பா நடவு வேலை. நாற்று ஏற்றிய டிராக்டர் ஒன்று வாய்க்கால் பாலத்தில் சாய்ந்து சாலை அடைத்துக்கொண்டதாம். மூன்றாயிற்று. காற்று திரும்பும்போதெல்லாம் நாற்றம் முகத்தில் அடித்தது. கூட்டத்தை வைத்துக்கொண்டே ஜெக்கரியா சதீஷிடம் போய்ச் சொன்னார். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு ஆழம், எப்படி அறுத்தார், எவ்வளவு நேரம் தாமதித்தார் எல்லாவற்றையும்.

சதீஷின் முகம் இறுகியது. "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அவர் எனக்குச் சொன்னாரு சார். உங்களுக்குச் சொல்லாதது நான்தான்" என்றாள் நுஸைபா. "எழுதுறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

சதீஷ் பேனாவைத் திறந்தார், மூடினார். "டாக்டர் வரட்டும்."

நாலு மணிக்குத்தான் டாக்டர் வானதி வந்தார். முப்பது வயது இருக்கும். சேறு தெறித்த கார்; நேரம் ஆனதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கையுறை மாட்டினார். ஒரு மணி நேரம் குனிந்தே இருந்தார். நுஸைபா தன் கால் மண்ணில் புதைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரும் கலையவில்லை.

வானதி நிமிர்ந்து கேட்டார். "வலையில பார்த்தவர் யாரு?"

ஜெக்கரியா முன்னால் போனார்.

"நீங்க பார்த்தது எப்படி இருந்துச்சு? கூட எதுவும் இருந்துச்சா?"

"குட்டி ஒண்ணு இருந்துச்சும்மா. ஒட்டிக்கிட்டே, அதோட துடுப்புக்கு அடியில முட்டிக்கிட்டே இருந்துச்சு."

"பால் குடிக்க முட்டும். அப்ப உங்க வலையில இருந்தது தாய்." அவர் செத்த பிராணியின் மேலுதட்டை விலக்கிக் காட்டினார். இரண்டு குட்டையான தந்தங்கள். "இது கிடா, ஆண். செத்து ஆறு நாளுக்குக் குறையாது. வால் தழும்பு ரொம்பப் பழசு, ஆறிப்போனது. விலா நாலு உடைஞ்சு நுரையீரல்ல ஏறியிருக்கு. ஏதோ படகு வேகமா வந்து மோதியிருக்கு."

ஜெக்கரியாவுக்கு உடனே புரியவில்லை. அப்சர்தான் அவர் தோளைப் பிடித்து, "நம்மளுது இல்ல மச்சான்" என்றான். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "அப்ப அந்தத் தாய் பொழைச்சிருக்குமா?"

"தெரியாதுங்க" என்றார் வானதி. "இது அது இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

கேஸ் எழுதப்படவில்லை. ஜெக்கரியாவின் வாக்குமூலத்தை நிவாரண விண்ணப்பமாக மாற்றி எழுதச் சொன்னார் சதீஷ். நுஸைபாவைத் தனியே அழைத்து, "அடுத்த தடவை அஞ்சு நிமிஷத்துல எனக்குத் தெரியணும்மா. இல்லைன்னா நான் உங்க பக்கம் நிக்க முடியாது" என்றார். அது கோபமாகத்தான் இருந்தது. அவள் ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து யாரிடமும் கேஸ் வராது என்று அவள் சொல்வதில்லை. கூப்பிடுங்கள், ஆபீஸுக்கு நானும் கூட வருகிறேன் என்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்ததும் மூஸா இமாமிடம் அனுமதி கேட்டு மைக் முன்னால் நின்றார். நுஸைபா கடையிலிருந்தே கேட்டாள். அவருக்குப் பேச வரவில்லை. இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தான் பங்கு போட்டதைச் சொன்னார். வாங்கியவர்கள் பேரைச் சொல்லவில்லை. வயிற்றில் குட்டி இருந்தது, அதைக் கடலில் எறிந்தேன், அது இன்னும் என் கையில் கனக்கிறது என்றார். அதை நுஸைபா அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். பிறகு ஜெக்கரியா செய்ததைச் சொல்லிவிட்டு, சலாம் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஊருக்குள் அந்தப் பேச்சைவிட ஆழமாக இறங்கியது வேறொன்று. மோதியது எந்தப் படகு? யாருக்கும் தெரியவில்லை. இன்ஜினை முழு வேகத்தில் வைத்துக் கடல்புல் படுகை மேலே ஓட்டாதவர் துறையில் ஒருவரும் இல்லை. இரவில் ஏதோ தட்டியது போல இருந்தது, கட்டை என்று நினைத்தேன் என்று இரண்டு பேர் தனித்தனியாக நுஸைபாவிடம் வந்து சொன்னார்கள். ஜாஃபர் சாதிக் என்பவர் தன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, ஒரு காலைப்பொழுது முழுவதும் அடிப்பகுதியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் துறைச் சங்கம் கூடி, புல்படுகையின் நாலு மூலையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புக் கொடி கட்டியது. அதற்குள் போகும்போது இன்ஜினைத் தணிக்க வேண்டும். பத்துப் பேர் தணிக்கிறார்கள், நாலு பேர் இன்னும் தணிப்பதில்லை. ஐப்பசி மழையில் வயல் தண்ணீர் வடிந்து கடல் கலங்கலாக ஓடியபோது இரண்டு மூங்கில்களை நீரோட்டம் பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஜெக்கரியாவும் அப்சரும் மழை விட்ட மறுநாளே போய் வேறு நட்டுவிட்டு வந்தார்கள்.