மாற்று ஆள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற பெண்ணும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, பெண் வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மெக்கானிக்கின் அம்மா மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாளே கடைக்கு வந்து, கண்ணாடி வாங்க வந்தவர் போல ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் ஃப்ரேம் காதை அறுக்கிறது என்று திரும்பத் திரும்பக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளும் முகம் சுளிக்காமல் சூடு காட்டி வளைத்து மாட்டிவிட்டாள். எழுந்து போகும்போது அந்த அம்மா அவள் கன்னத்தைத் தட்டி, சீக்கிரம் வந்துவிடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் என்றால் இப்படிக் கிடைக்கணும் என்று கடையில் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள்.

ரெண்டு பேரும் தனிக்குடித்தனம் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஒரு தையல் கடைக்கு மேலே மாடிப் போர்ஷன். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க அளவுகூட எடுத்தாயிற்று. வெள்ளையடித்து முடிகிற வரைக்கும் அவன் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு அங்கே போய் இறங்கினாள்.

அந்த வீட்டில் மாமாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. பெரிய சண்டை எதுவும் நடந்து அப்படி ஆகவில்லை. பேச்சு தானாக வற்றிப்போய்விட்டது, அவ்வளவுதான். மாமா குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் தட்டுவார். அத்தை கொண்டுவந்து வைப்பார். சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே கிடக்கும். குளித்துவிட்டு வந்தால் துண்டு தரையில் கிடக்கும். அத்தை குனிந்து குனிந்து எடுப்பார்.

அத்தை ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு, கையில் பையோடு வந்து நின்றார். தன்னோடு வேலை பார்த்த சிநேகிதி வெளியூரில் பெண்கள் விடுதி நடத்துகிறாளாம், இனிமேல் அங்கேதான் இருக்கப் போகிறாராம். பையன் குடும்பஸ்தன் ஆகிவிட்டான், தன் கடமை முடிந்தது என்றார். மகன் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேஜையில் டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். எடுத்துக் கொடுக்க அவள்தான் இருந்தாள். கொண்டுபோய் வைத்தாள்.

அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது, கொஞ்ச நாள் போகட்டும் என்றான் அவன். வெள்ளையடித்து முடிந்தது. வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்கும் அவன், நல்லவேளை, அவசரப்படாமல் இருந்தோம் என்றான். அவள் விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். சாயங்காலம் வந்து காலையில் விட்ட தட்டுகளைக் கழுவினாள். இதைச் செய், அதைச் செய் என்று அவன் ஒருநாளும் ஏவியதில்லை. எதையும் எடுத்துச் செய்ததும் இல்லை.

ஒரு லீவு நாளில் பஸ் பிடித்து அத்தையைப் பார்க்கப் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனாள். விடுதி மொட்டை மாடியில் அத்தை தலையை விரித்து உலர்த்திக்கொண்டு, சிநேகிதியின் தோளில் அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. வந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா?"

அத்தை உலர்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார்.

"மாத்து ஆள் வராம வார்டை விட்டு நான் ஒருநாளும் போனதில்லம்மா. வீட்டையும் அப்படிப் போட்டுட்டு வர மனசு வரல. உன்னைப் பார்த்தப்புறம்தான் நிம்மதியாச்சு."

"நான் உங்க பையனுக்குத்தானே பொண்டாட்டி?"

"நானும் ஒருத்தருக்குப் பொண்டாட்டியாத்தான் வந்தேன்," என்றார் அத்தை. டீ கொண்டுவரச் சொன்னார். அவள் குடிக்காமல் கிளம்பினாள்.

அன்றைக்கு அவனிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள்: அப்பாவுக்கு ஒரு சமையல் ஆளைப் போடலாம், பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்க்கலாம், ஆனால் போயாக வேண்டும்.

"அம்மாதான் இப்படிப் பண்ணிட்டாங்க, நானும் விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் நானே இருக்கேன்," என்றான் அவன்.

அவள் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தாள். பெட்டியை அவன்தான் கீழே தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றினான். ரெண்டு நாளில் வருகிறேன் என்றான். மாமா நாற்காலியிலிருந்தபடி, யாரையும் பார்க்காமல், இவளும் போறாளா என்றார். அந்த வீட்டில் அவளைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாவுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று எழுந்துவிடுவான்.

ஒருநாள் அத்தை போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார். பிள்ளை தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்கிறானாம், வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்கிறானாம். "கட்டினவனை இப்படித் தவிக்க விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க எப்போ திரும்பிப் போறீங்க அத்தை?" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகள் மெல்லக் குறைந்தன. விசாரிப்பு போனில் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பிரிந்துவிடலாம் என்று முதலில் யார் சொன்னார்கள் என்பதுகூட இரண்டு பேருக்கும் நினைவில்லை.

கோர்ட் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஏதாவது பேச வேண்டுமே என்று, தான் இப்போது நன்றாகச் சமைப்பதாகச் சொன்னான். காலையில் முடித்து மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவானாம். துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கிவிடுவானாம். கையில் சூடுபட்ட தழும்பைக் காட்டினான். அப்பாவும் தட்டை இப்போது தானே எடுத்துக் கழுவுகிறாராம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது.

அவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். இதையெல்லாம் நான் இருந்தபோதே செய்திருந்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்டு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த நீதிபதி, என்ன சண்டை என்று கேட்டார். சண்டை எதுவும் இல்லை என்றான் அவன். அவளைக் கேட்டார். இல்லை என்று அவளும் சொன்னாள்.