கீழ்க்கோட்டுக்காரன்

எங்கள் வாணியம்பாடி மைதானத்தில் அன்று எனக்கு வந்த கோபத்தில் விசிலையே கடித்து மென்றிருப்பேன். நான் மலையிலிருந்து கூட்டி வந்த பையன் தீர்த்தகிரி, ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், கூடைப்பந்து ஆட்டத்தில் கூடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மைதானத்தின் ஓரக்கோட்டில் காவல் நிற்பவனைப் போல நின்றுகொண்டிருந்தான்.

என் பெயர் அமீனுல்லா. புளி வியாபாரம். சந்தை நாளில் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் போய்ப் புளி வாங்கி வருவது என் பிழைப்பு. எங்கள் ஊர் கிளப் டீமுக்குப் பையன்களைப் பொறுக்கி எடுப்பது என் பைத்தியம். சந்தையில் புளிமூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டிருந்த தீர்த்தகிரியைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். மலைப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுவதாக வேறு சொன்னான். விடுவேனா?

டீமில் காலியாக இருந்தது ஒரே இடம். அந்த இடம் கிடைப்பவன் கிளப் அறையில் தங்கி, எங்கள் ஊர்ப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேரலாம். அவன் பள்ளிக்கூடத்தில் படிப்பு பத்தாவதோடு சரி. தீர்த்தகிரி பத்தாவது முடித்துவிட்டான். இடம் இல்லையென்றால் சாமை விதைக்கப் போக வேண்டியதுதான்.

அவனோ கோட்டை விட்டு நகர மறுத்தான். எதிரணிக்காரன் கைபட்டுப் பந்து வெளியே போனது. சும்மா விட்டிருந்தால் பந்து எங்களுக்கு. இவன் பாய்ந்து, அந்தரத்திலேயே அதைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வீசினான். அது நேராக எதிரணிக்காரன் கைக்குப் போனது. அவன் கூடையில் போட்டான். இதே கூத்து திரும்பத் திரும்ப நடந்தது.

"இன்னாடா பண்றே நீ?" என்று கத்தினேன்.

"பந்து போய்டும் பாய்."

"போனா இன்னா? எடுத்துட்டு வருவாங்க!"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவன் போல என்னைப் பார்த்தான். பையனுக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த நிமிடமே அந்த முடிவில் மண் விழுந்தது. பலகையில் மோதித் தெறித்த பந்து ஓரமாக வர, மூன்று பேர் தலைக்கு மேலே கையை நீட்டி, மரத்தில் காய் பறிப்பதுபோல எடுத்தான். அப்படி எடுப்பவன் எங்கள் டீமில் ஒருவனும் இல்லை.

கிளப்பின் பெரியவர் சத்தார் பாய் சிரித்தார். "அமீன், மூட்டையைப் பார்த்தே எடை சொல்றவன் நீ. பையன் விஷயத்துல உயரத்தைப் பார்த்து ஏமாந்துட்டே. ஜோலார்பேட்டைப் பையனை எடுத்துக்கலாம். குள்ளம்தான், ஆனா போட்டா வுழுது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க பாய்" என்றேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே புரியவில்லை. சாப்பிடும்போதும் அதே குழப்பம். இவன் கெட்டிக்காரனா, பயந்தாங்கொள்ளியா? பயந்தவன் அப்படிப் பாய்வானா? கெட்டிக்காரன் கோட்டில் போய் நிற்பானா? என் மனைவி ஷம்ஷாத் குழம்பில் உப்பு சரியா என்று கேட்டதற்கு, "பார்க்கணும், இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லியிருக்கிறேன்.

பையன் மலைக்குத் திரும்பிவிட்டான். வெள்ளிக்கு முன்னால் வந்த சந்தைக்குப் போனபோது புளியை அப்படியே விட்டுவிட்டு அவன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஆடுகளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த துண்டு நிலம். மேல்பக்கம் பாறை. கீழ்ப்பக்கம் கோடு முடிந்த இடத்திலேயே பள்ளம், உண்ணிச்செடி அடர்ந்து அடி தெரியாத பள்ளம். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கீழ்க்கோட்டில் தீர்த்தகிரி நின்றுகொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடத்துக்கே ஒரு பந்துதாங்க" என்றார் கோபால்சாமி வாத்தியார். "முன்னால இருந்த பந்து பள்ளத்துல வுழுந்து, இது வர்றதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிப்போச்சு. முள்வேலி போட்டுப் பார்த்தோம், முள்ளு பந்தைக் குத்துது. அதான் இருக்கறதுலயே உயரமானவனைக் கீழ்க்கோட்ல நிக்க வெச்சுட்டோம். படிப்பு முடிஞ்சும் சாயந்திரமானா வந்து நிக்கறான். அவன் நின்னாதாங்க எங்களுக்கு ஆட்டம்."

அப்படியானால் வாணியம்பாடியில் நான் பார்த்தது ஆட்டமே இல்லை, காவல். யார் கைபட்டுப் போனால் என்ன, பந்து போகக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த விதி. இந்தப் பழக்கத்தை உரித்து எடுத்தால் உள்ளே ஆட்டக்காரன் இருப்பானா, வெறும் உயரம்தான் மிஞ்சுமா? நின்று பார்த்ததில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவனைக் கூப்பிட்டேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கேளுடா. நீ பெரிய ஆட்டக்காரன் ஆவமாட்டே. கூடையில போடற கை உனக்கு இல்ல, இந்த வயசுல இனிமே வர்றதும் கஷ்டம். ஆனா போட்டுத் தவறுற பந்தை எடுக்கற கை இருக்கு. ஒரு ஆட்டத்துல பாதி நேரம் உன்னை எறக்குவேன். பந்தை எடு, பக்கத்துல இருக்கறவன்கிட்ட குடு. அவ்வளவுதான் உன் வேலை. கைதட்டு அவனுக்குத்தான் போவும். சரியா?"

கைதட்டலைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. "கோட்ல யாரு நிப்பா பாய்?" என்றான்.

"எங்க ஊர்ல பள்ளமே இல்லடா!"

கீழ்க்கோட்டைத் திரும்பிப் பார்த்தான். "பள்ளமே இல்லன்னா, நான் எதுக்கு?"

அந்தக் கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனை இழுத்துக்கொண்டு போய் வளையத்துக்கு அடியில் நிறுத்தினேன். "இதான் உன் பள்ளம்னு வெச்சுக்கோ. இங்க வுழுற பந்து எவன் கைக்கும் போவக் கூடாது. வேற எங்க போனாலும் திரும்பிப் பார்க்காதே. நகர்ந்தே, ஜோலார்பேட்டைப் பையனுக்குத்தான் இடம்."

பையன்கள் ஒதுங்கி நின்றார்கள். நான் வேண்டுமென்றே தப்பாக எறிந்தேன். எடுத்தான். இந்தப் பக்கம் எறிந்தேன், அந்தப் பக்கம் எறிந்தேன். நான்கு பையன்களை அவன் மேல் ஏவிவிட்டேன். எடுத்தான், எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. வயதை மறந்து ஓங்கி ஒன்று எறிந்தேன்.

பந்து வளையத்தின் விளிம்பில் மோதி, எல்லார் தலைக்கும் மேலே எழும்பி, கீழ்க்கோட்டை நோக்கிப் போனது. அங்கே யாரும் இல்லை.

"அண்ணா, பந்து!" என்று பையன்கள் அலறினார்கள்.

தீர்த்தகிரியின் ஒரு கால் முன்னே போனது. நின்றது. வளையத்தின் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். பந்து கோட்டின் மேல் ஒருமுறை குதித்து மறைந்தது. உண்ணிச்செடிக்குள் அது உருண்டுபோகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது.

"நின்னேன் பாய்" என்றான். கண் நிறைந்திருந்தது.

எனக்குக் கட்டிப்பிடித்துக் கொஞ்சத் தோன்றியது. மூஞ்சியில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. "வெள்ளிக்கிழமை வந்துடு" என்று மட்டும் சொன்னேன்.

பையன்கள் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இனிமே இங்க கோட்ல யாருங்க நிப்பா?" என்று கேட்டார் கோபால்சாமி வாத்தியார்.

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன்.