இடது கட்டைவிரல்

1

இந்தக் கதை ஒரு டயாலிசிஸ் அறையில் நான் எட்டிப் பார்த்துத் திருடியது. என் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு கையடக்க வீடியோ கேமை இரண்டு பேர் சேர்ந்து பிடித்திருந்தார்கள். நோயாளியின் இடது கையில் இரண்டு ஊசிகள். நான்கு மணி நேரம் அது அசையக் கூடாது. ஆகவே சுடுவது அவருடைய வலது கட்டைவிரல். ஓடுவதும் ஒளிவதும் பக்கத்தில் குனிந்திருந்தவரின் இடது கட்டைவிரல். திரையில் ஓடும் ஒரு சிப்பாய்க்கு இரண்டு ஆள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணன் தம்பி. தம்பி கிட்னி தர்றேன்னு சொல்லிட்டு, ஆபரேஷன் அன்னைக்குக் காலையில வரவே இல்ல."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் கற்பனை. [கடவுள் மன்னிக்கட்டும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று ஆஸ்பத்திரி வாசலையே பார்த்தபடி அண்ணன் படுத்திருந்தபோது, ஜன்னல் வழியே வெயில் மெல்ல

வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை.

தம்பிக்கு ஒரு நியாயம் எழுதிக் கொடுத்தேன்: கைக்குழந்தை, அழுகிற மனைவி. பிறகு அடித்துவிட்டேன். நியாயம் இருந்தால் அவனைச் சுலபமாக விட்டுவிடுவோம். அவன் பயந்தான், அவ்வளவுதான்.*

* ரத்த தானத்துக்குப் போய் வாசலோடு இரண்டு முறை திரும்பி வந்தவன் நான்.

3

அண்ணன் லிப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிப்டுக்குள் தவிப்பவர்களிடம், "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று வெளியிலிருந்து சொல்லியே இருபது வருஷம் ஓட்டியவர். மூன்று மாதம் முகம் காட்டாத தம்பி ஒருநாள் இந்தக் கேமோடு வந்து நின்றபோது, அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "ஒத்தக் கையில எப்படிடா ஆடுறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த விளையாட்டில் செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும். ஒவ்வொரு முறையும் அறைகள் இடம் மாறிவிடும், அதனால் அலுப்பதேயில்லை. கடைசிக் கதவு மட்டும் மாறாது. அதன் முன் ஒரு பீரங்கி. அது ஓயும் அந்த நொடியில் முன்னால் பாய வேண்டும். சரியாக அந்த நொடியில் தம்பியின் விரல் பின்னால் இழுக்கும்.

"முன்னாடி போடா."

"போனேண்ணே."

"நீ போன லட்சணத்தத்தான் பாத்தனே. செவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது."

"பட்டன் சரியில்லண்ணே."

"ஆமா, பட்டன்தான் பாவம்."

"ரெண்டு பேரும் சண்ட போட்டா பிடுங்கி வச்சிருவேன்," என்றார் சிஸ்டர். "கை ஆடுது பாருங்க."

மறுபடி முதலிலிருந்து. நாற்பத்தோராவது முறையும் அதே கதவு முன் செத்தபோது, அண்ணனின் வாயிலிருந்து அது நழுவிவிட்டது:

"அன்னைக்கும் இப்படித்தான்."

4

தம்பி விரலை எடுக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "திரும்ப டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேண்ணே. இந்தத் தடவ வந்துருவேன்."

இங்கேயே முடித்திருந்தால் என் சுபாவத்துக்கு ஏற்றதாக இருந்திருக்கும். ஆனால் உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன வாரமே டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஆபரேஷனைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு அது தெரியாது.

சொல்லிவிட்டால் தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஒரு நொடிதான், அவனே அறியாமல். அதைப் பார்த்துவிட்டால் இவனை மன்னிக்கவே முடியாமல் போய்விடும் என்று அண்ணனுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் இவன் தினமும் பயந்து, தினமும் துணிந்துகொண்டே இருப்பான். பயப்படட்டுமே. [இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அண்ணன் என்னைத் திரும்ப எழுத வைத்தார்.]

5

முடிவு ஒன்று: அந்த முகத்தைப் பார்க்க நேராதபடி கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

முடிவு இரண்டு: "பாக்கலாம்டா" என்கிறார்.

முடிவு மூன்று: மெஷின் அலாரம் அடிக்க, சிஸ்டர் ஓடி வந்து

இல்லை, இது தப்பித்தல்.

சின்னச் சின்ன அன்புகளை நம்பிப் பிழைப்பவன் நான். கண்ணை மூடிக்கொண்டு உண்மை சொல்வதும் அப்படி ஓர் அன்புதான். பிரார்த்தனையிலும் அதையே கேட்டேன். ஆனால் அண்ணன் கண்ணை மூட மறுக்கிறார். தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திரையில் 'மறுபடி?' என்ற எழுத்து மின்னுகிறது. வலது கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நிற்கிறது.

"ஏண்ணே பேச மாட்டேங்குற?"

பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி எழுதுங்கள். கதவு வரைக்கும் வந்துவிட்டு, நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன்.