கங்காணிக்கு முகம் கிடைத்தது

போர்க்காலத்தில் பிடித்துக்கொண்டு போய் ரயில் பாதை போட வைத்த மனிதர்களைப் பற்றி ஓர் அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தோம். சில வாரங்களாக எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. இயக்குநர் தங்கமான மனிதர். ஸ்டூடியோவிலேயே படுத்து எழ ஆளுக்கொரு தலையணை வாங்கிக் கொடுத்திருந்தார்.

எங்கள் மேசைகளில் கண்ணாடி இருக்கும். அதில் எங்கள் முகத்தைக் கோணிப் பார்த்துத்தான் பாத்திரங்களுக்கு முகபாவம் வரைவோம். களைத்துப்போன கூலியாட்கள் சுலபமாக வந்துவிட்டார்கள். கங்காணிதான் வரவில்லை. அவனை வரைந்த அக்கா எவ்வளவு முறைத்தாலும், கண்ணாடியில் பல்வலிக்காரிதான் தெரிந்தாள்.

"இவனா கங்காணி? பிள்ளைப்பூச்சி மாதிரி இருக்கான்," என்றார் இயக்குநர்.

"மாத்திடறேண்ணா. அப்புறம், தங்கச்சிக்கு நாளைக்குப் பிரசவம்னு சொல்லிட்டாங்க. கூட இருக்க என்னை விட்டா ஆள் இல்ல. ரெண்டு நாள் லீவு..."

"பிரசவம் பாக்க டாக்டர் இருக்காங்க. கங்காணிய வரைய யாரு இருக்கா?"

"அண்ணா, அப்படியே இருங்க. அசையாதீங்க."

பென்சில் ஓடியது. அவர் எட்டிப் பார்த்தார்.

"அட, இதான் வேணும். எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே."

அக்கா கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தவர், "நாலு நாளா எடுத்துக்கம்மா," என்றார்.

மறுநாள் அடுத்த காட்சிக்கு அதே முகம் தேவைப்பட்டது. அவரையே செய்து காட்டச் சொன்னோம். எவ்வளவு முயன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல், கலைக்காக, நான் லீவு கேட்டேன்.