ஆடு எந்தத் தெரு?

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் வீட்டுக் கூடத்தில் மூன்று ஆண்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து, ஓர் ஆட்டின் சாதியைக் கண்டுபிடிக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவன் யாருடா? நம்ம வூட்டுப் பொண்ணுக்கு ஹார்ட்டு போட்டிருக்கான்!" என்றார் தாய்மாமன் குருமூர்த்தி.

கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் மகள் வேல்விழி, கையில் ஒரு பீங்கான் பொம்மையுடன் இன்ஸ்டாகிராமில் படம் போட்டிருந்தாள். அதற்கு யாரோ ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் பெயர் இல்லை, ஊர் இல்லை. கூலிங் கிளாஸ் மாட்டிய ஓர் ஆட்டின் முகம் மட்டும் இருந்தது. இதைக் கண்டுபிடித்தவன் அண்ணன் இனியவன். அவன் ஒரு நாளைக்கு நாற்பது பெண்களுக்கு இதயம் போடுகிறவன். அது வேறு கணக்கு என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"நாளையிலேர்ந்து காலேஜு வேணாம். தையில நம்ம திலீபனுக்கே முடிச்சுடலாம்" என்று தன் மகனுக்குப் பெண்ணையும் எடுத்துக்கொண்டார் குருமூர்த்தி. மச்சான் பேச்சை மறுத்தறியாத கொளஞ்சியப்பன் தலையாட்டினார். வியாழக்கிழமை வேல்விழிக்குக் கடைசி வருடப் பரீட்சை தொடங்குகிறது.

"மாமா, அது எங்க கிளாஸு ரீட்டா. சும்மா வெளையாடுறா" என்றாள் அவள் அழுகையை அடக்கிக்கொண்டு.

ரீட்டாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்கள். "எனக்கு ஆடே கெடையாதுங்க அங்கிள்" என்றாள் ரீட்டா.

வேல்விழி தன் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மூன்று மாதமாகத் தினமும் 'சாப்டியா?' என்று கேட்ட அந்த ஆட்டை ரீட்டா என்று நம்பி, கூடப் படிக்கும் ஜோவைப் பிடித்திருக்கிறது என்பது வரை ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். ஜோ மாதா கோயில் தெருப் பையன். அதுவும் எழுதியிருந்தாள்.

குருமூர்த்தி ஆட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். திரை முழுக்கக் காது வந்தது.

"பின்னாடி வண்டி ஏதாச்சும் நிக்கிதா? ஸ்டிக்கரு தெரிஞ்சா என்ன ஆளுன்னு சொல்லிடலாம்."

"செவுருதான் தெரியுது மாமா" என்றான் இனியவன்.

"நம்ம ஆளுங்க ஆட்டுக்குக் கண்ணாடி மாட்ட மாட்டாங்க. இது அந்தத் தெருப் பயலோட ஆடு. மூஞ்சியில களை இருக்குதா பாரு."

கொளஞ்சியப்பனும் வாங்கிப் பார்த்தார். "ஆமா மச்சான், களை இல்லதான்."

வெட்கம் கெட்ட பேச்சு. ஆனால் அந்தக் கூடத்தில் யாருக்கும் வெட்கமாக இல்லை.

"உன் போனக் கொண்டா. உள்ள என்னதான் பேசியிருக்கன்னு பாத்துடுவோம்" என்று வேல்விழியிடம் கை நீட்டினார் குருமூர்த்தி.

அப்போது சட்னிக் கிண்ணத்தோடு வந்தாள் அம்மா தனக்கோடி. பீங்கான் கொட்டகையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள்.

"அது என் ஆடுண்ணா."

வழக்கம்போல யாரும் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

"நீ சீரு குடுத்தியே, அந்த ஆட்டோட குட்டி. தோட்டத்துலதான் கட்டியிருக்குது. போயி களை இருக்குதான்னு பாரு."

இனியவன் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அதே ஆடுதான் மாமா!" கொளஞ்சியப்பன் தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறார். தழை போடுகிறவளுக்குத்தான் முகம் தெரிந்திருந்தது.

"அப்ப ஹார்ட்டு?" என்றார் குருமூர்த்தி.

"நாந்தான். எம் பொண்ணு போட்டோவுக்கு நான் போடக் கூடாதா?"

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? அதுவும் ஆட்டு மூஞ்சிய வெச்சிக்கிட்டு!"

"பொம்பளைங்க மூஞ்சியப் போடக் கூடாதுன்னு சொந்தக்காரங்க குரூப்புல நீதான போட்ட? அதான் ஆட்டு மூஞ்சியப் போட்டேன். எங்க கொட்டாயில எல்லாருக்கும் இருக்குது. வீரம்மாக்கா ரோசாப்பூ. கமலம் பூன."

கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். பிறகு, "பொண்ணு பரீட்சைய எழுதட்டும் மச்சான்" என்றார். இட்லியே வேண்டாம் என்று எழுந்த குருமூர்த்தி வாசல் வரை போனார். திரும்பி வந்து ஆறு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வேல்விழியால்தான் அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புதன்கிழமை வரை வீட்டில் உப்பு, புளி பற்றித்தான் பேச்சு.

வியாழக்கிழமை, தேர்வுக்கூடத்து வாசலில் போனை அணைக்கப் போகும்போது ஆட்டிடமிருந்து செய்தி வந்தது.

'சாப்டியா?'

'சாப்டேன்மா.'

மறுபடி போனை அணைக்கப் போனாள். அடுத்த செய்தி வந்தது.

'அந்த ஜோ பையன், நாம என்ன ஆளுன்னு உன்ன கேட்டானா?'

வேல்விழி வாசல் ஓரமாக ஒதுங்கி நின்று தட்டினாள். 'இல்லம்மா. ஒரு நாளும் கேக்கல.'

'அப்ப நானும் கேக்கல. போயி நல்லா எழுது' என்றது ஆடு.