ஜெகதீசன் திரும்பாத வீடியோ

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு திமிங்கலத்துக்கு நான் காட்டுப்பள்ளிக்கு வழி சொல்லியிருக்கிறேன். இடப்பக்கம் ஒதுங்காதே, கப்பல் கட்டுகிற இடம், முட்டிக்கொள்வாய், நேராகப் போ என்றேன். போயிற்று. வள்ளூர் அனல்மின் நிலையப் புகையின் மேல் ஒரு காக்கை நடந்து போனதையும் பார்த்திருக்கிறேன். பறக்க அதற்குச் சோம்பல். இவற்றை எங்கள் குப்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை, என் தங்கை மகன் ஜெகதீசன் கடலோடு போகும்வரை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகேறியவனைக் கரையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டாலும், அவன் திரும்பாமல் போய்விட்டால் தோஷமில்லை. திரும்பினால்தான் கடல் அவன் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்பார்கள்.

அன்றைக்கு அவன் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் படகேறினான். என் தங்கை பச்சையம்மா அதை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடி, “டேய் ஜெகா” என்று கத்திவிட்டாள். அவளுக்குக் கண்ணில் புரை. படகு அவளுக்கு வெறும் கலங்கல். பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகவே தெரிந்தது. முகத்துவாரத்து அலையில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அவன் வரவில்லை, உடலாகக்கூட.

போட்டோவை வைத்துக் கருமாதி செய்தோம். அதற்குப் பிறகும் பச்சையம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“திரும்பினானாண்ணா?”

“திரும்பலம்மா. என் கண்ணால பாத்தேன்.”

“காக்கா நடந்ததையும் நீ உன் கண்ணாலதானே பாத்த. வுடு.”

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அந்த நிலையில்தான் ஜெகதீசனின் தோஸ்து வல்லரசு, படகு கிளம்பியதை அன்றைக்கு ரீல்ஸுக்காகப் போனில் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. பச்சையம்மா மகளைக் கூப்பிட்டாள்.

“மோகனா, அத உன் பெரிய டிவில போடு. திரும்பினானா இல்லியான்னு நானே பாத்துக்கறேன்.”

மோகனப்ரியா சினிமாவுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். கதாநாயகன் கடலைப் பார்த்து அழுவான், பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நிற்கும். அதைத் துடைத்துவிட்டு வெறும் வானம் வைப்பாள். எத்தனை மனு கொடுத்தும் அசையாத புகைபோக்கியை எங்கள் வீட்டுப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எடுத்துவிடுவாள்.

அம்மாவுக்குக் காட்டுமுன் வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினாள். ஜெகதீசன் திரும்பினான். முழு முகம். கையை உயரத் தூக்கி ஆட்டிச் சிரித்தான்.

“இன்னா மாமா பண்றது?”

“என்னக் கேட்டா? நான் வாயால சொன்ன பொய் எடுபடல. உங்கிட்ட மிஷினே கீது.”

அவள் மென்பொருளில் எல்லாம் குட்டிக் குட்டிப் பெட்டிகள், நடுவில் கோடுகள். மணலி ஆலைக் குழாய் மாதிரி ஒரு பெட்டியில் நுழைகிற படம் அடுத்ததில் வேறு நிறமாக வெளியே வரும். ஒரு பெட்டி படகின் ஆட்டத்தைப் பிடித்து வைத்தது. இன்னொன்று, கூப்பிடுவதற்கு முந்தைய நொடியிலிருந்து அவன் பின்மண்டையை வெட்டி எடுத்தது. ஒன்று அதை முகத்தின் மேல் பொருத்தியது. ஒன்று மேலே தண்ணீர் தெளித்தது.

“அம்மா சும்மா வுடாது மாமா. கிட்டக் காட்டு, மெதுவாக் காட்டுன்னு பேஜார் பண்ணும். எப்டிக் காட்னாலும் பிசிறு தெரியக் கூடாது.”

அதற்காக எல்லாப் பெட்டிகளையும் ஒரே பெட்டிக்குள் கட்டிப்போட்டுச் சொந்தமாக ஒரு கருவியே செய்தாள். வெளியே ஒரே ஒரு திருகு. ஒரு கோடிக்குத் திருப்பினால் ஜெகதீசன் திரும்ப மாட்டான். மறுகோடிக்குத் திருப்பினால் கருவி வேலை செய்யாது, உள்ளபடியே தெரியும். செய்யும்போது அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. அண்ணனின் பிடரி முடியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மா திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்தாள். “டேய் ஜெகா” என்று அவள் குரலே கேட்டது. முதுகு மட்டும் போயிற்று.

“இன்னொரு தபா போடு. கிட்ட.”

போட்டாள்.

“திரும்பல” என்றாள் பச்சையம்மா.

“இல்லம்மா.”

அன்றைக்கு இரண்டு கை சோறு தின்றாள். பொய்க்கு இவ்வளவு பலன் உண்டு என்று நானே அன்றுதான் கண்டேன். மறுநாள் காலையில் கதவோரம் வந்து நின்றாள்.

“அவ்ளோ தொண்ட கிழியக் கத்தினேன். ஒரு தபா திரும்பிப் பாக்காமப் பூட்டானேடி. பெத்தவ கொரல்கூடக் கேக்கல அவனுக்கு.”

கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள்.

“நீ சினிமால இல்லாததயெல்லாம் வெக்கிறவதானே. உங்கண்ணன ஒரே ஒரு தபா திரும்ப வெச்சுக் குடு. பொய்னு தெரியும். தெரிஞ்சிகினே பாத்துக்கறேன்.”

மோகனப்ரியா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“நாழியாவும்மா” என்றாள்.

சாயங்காலம்வரை திரைமுன் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுத் திருகை மறுகோடிக்குத் திருப்பினாள்.

ஜெகதீசன் திரும்பினான். கையை ஆட்டினான். சிரித்தான்.

பச்சையம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். “அச்சா அவனாட்டமே கீதுடி. சிரிப்பக்கூடக் கரீட்டா வெச்சுட்ட.” மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். மெல்ல அவள் புருவம் சுருங்கிற்று.

“கையதான் தப்பா வெச்சுட்ட. அவன் இவ்ளோ ஒசரத் தூக்க மாட்டான், கூச்சக்காரன். கொஞ்சம் எறக்கிடு.”

“அத எறக்க முடியாதும்மா.”

“ஏன், நீதானே தூக்கி வெச்ச?”

மோகனப்ரியாவுக்காக ஏதாவது ஒரு பொய்யை எடுத்துவிடலாமென்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் புதிதாக ஒரு பெட்டியை எடுத்துக் கோட்டில் சொருகினாள். அண்ணன் கையை மணிக்கட்டிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றாள் பச்சையம்மா.